எங்கள் மில் சர்வரில் கிளிக்ஹவுஸ்

நூற்பாலையின் மெஷின் டேட்டாவை வாடகை கிளவுடில் வைக்காமல் மில் வளாகத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது: தாராளமாக முடியும், ஒரு நல்ல சர்வர் போதும், அதில் கிளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் போடுங்கள். மிச்சமெல்லாம் எப்படிப் போடுவது, எங்கே கவனம் வேண்டும் என்கிற விவரம்தான். ஆனால் அந்த விவரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். டேட்டா வேலையும் என் பொறுப்பில்தான். கிளிக்ஹவுஸைப் பற்றி நான் படித்ததில் பெரும்பாலானவை கோடிக்கணக்கானவர்கள் வந்துபோகும் இணைய நிறுவனங்களின் அனுபவம். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் ஓடுகிற இடத்தில் இது எப்படி உழைக்கிறது என்று ஒருவர் எழுதிவைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

மில்லில் பஞ்சுக்கு அடுத்தபடியான பெரிய செலவுகளில் ஒன்று கரண்ட். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் போனது என்பதை யூகேஜி என்போம். நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண்தான் கவுண்ட். எண் கூடக் கூட நூல் மெலியும், யூகேஜி ஏறும், அதனால் 40-ஆம் கவுண்டையும் 60-ஆம் கவுண்டையும் ஒரே கணக்கில் பார்க்க முடியாது. முன்பு மாதச் சந்தாவில் ஒரு மீட்டர் கண்காணிப்புச் சேவை வைத்திருந்தோம். திரை அழகாக இருந்தது. ஆனால் கடைசி மூன்று மாதம்தான் தெரியும், அதற்கு முந்தையதைப் பார்க்கத் தனிக் கட்டணம். எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் வந்து, "ஏனுங்க, போன வருசம் இதே மாசம் 60 ஓட்டினப்ப யூகேஜி எவ்வளவு வந்துச்சுங்க?" என்று கேட்டால் சொல்ல வழியில்லை. டேட்டா நம்முடையது, மீட்டர் நம்முடையது, பதில் மட்டும் இன்னொருவர் பெட்டிக்குள். அந்த இடத்தில்தான் சொந்தமாகச் செய்வதென்று முடிவெடுத்தோம்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 10 நொடிக்கு ஒரு முறை ஒரு அளவு எடுத்தால் ஒரு நாளைக்கு 8,640. ரிங் பிரேம், சிம்ப்ளக்ஸ், கார்டிங், கம்ப்ரசர், ஹியூமிடிஃபிகேஷன் என்று எல்லாம் சேர்த்து 300 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஏறக்குறைய 26 லட்சம் வரிசைகள் (டேபிளின் ரோக்கள்), வருடத்துக்கு 94 கோடிக்கு மேல். கேட்க மலைப்பாக இருக்கும். எக்செல்லுக்கு இது முடியாது. போஸ்ட்கிரெஸ் என்ற வழக்கமான டேட்டாபேஸில் வைக்க முடியும், ஆனால் வருடக் கணக்கில் கூட்டிக் கழிக்கும் கேள்விகளுக்கு அது திணறத் தொடங்கும். கிளிக்ஹவுஸுக்கோ இது சிறிய வேலை.

ஏன் சிறியது என்பதற்கு அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில், மெட்ரிகா என்ற இணையதளப் பார்வையாளர் கணக்கீட்டுச் சேவைக்காக அலெக்ஸி மிலோவிடோவும் அவர் குழுவும் உருவாக்கியது இது. 2016-இல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்த மூலமாக வெளிவந்தது, 2021-இல் தனி நிறுவனமானது. ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியாக டிஸ்கில் வைக்கிறது. நேரம், மீட்டர் எண், யூனிட், வோல்டேஜ், பவர் ஃபேக்டர் என்று ஒரு டேபிளில் பல இருந்தாலும், யூனிட்டை மட்டும் கேட்டால் யூனிட்டை மட்டும்தான் படிக்கும்.

டேபிள் உருவாக்கும்போது எழுதும் ஆர்டர் பை வரிதான் இந்த மென்பொருளில் நீங்கள் எடுக்கும் மிகப் பெரிய முடிவு. டேட்டா டிஸ்கில் எந்த ஒழுங்கில் அடுக்கப்படும் என்பதை அது தீர்மானிக்கிறது. எங்கள் டேபிளில் முதலில் மீட்டர் எண், அப்புறம் நேரம். கிளிக்ஹவுஸ் ஒவ்வொரு வரிசைக்கும் இன்டெக்ஸ் வைப்பதில்லை. இயல்பாக 8,192 வரிசைக்கு ஒரு குறி வைக்கும். 94 கோடி வரிசைக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் குறிகள்தான், மெமரியில் சுலபமாக அடங்கிவிடும். ஒரு மீட்டரின் ஒரு வருடம் என்பது 31.5 லட்சம் வரிசை. மீட்டர் எண் முதலில் இருப்பதால் அவையெல்லாம் அடுத்தடுத்து இருக்கும், 400-க்கும் குறைவான துண்டுகளைப் படித்தால் வேலை முடிந்தது. பதில் ஒரு நொடிக்குள் வந்துவிடுகிறது. நேரத்தை முதலில் வைத்திருந்தால் அந்த ஒரு மீட்டருக்காக எல்லா மீட்டரின் டேட்டாவையும் புரட்ட வேண்டியிருக்கும். இந்த வரியைப் பின்னால் மாற்ற நினைத்தால் புது டேபிள் போட்டு எல்லாவற்றையும் அதில் ஊற்றுவதுதான் வழி. அதனால் முதல் நாளே மாஸ்டரும் எலக்ட்ரீஷியனும் என்னென்ன கேள்வி கேட்பார்கள் என்று உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள்.

சுருக்கமும் இதைப் பொறுத்ததே. ஒரே மீட்டரின் அளவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நேரம் சரியாக 10, 10 நொடியாக ஏறும். டபுள்டெல்டா என்ற கோடெக் (சுருக்கும் முறை) போட்டால் அந்த நெடுவரிசை இருக்கிற இடமே தெரியாது. மீட்டர் ரீடிங்கைத் தசம எண்ணாக வைக்காமல் வாட்-அவர் என்ற முழு எண்ணாக மாற்றி, டெல்டாவும் இசட்ஸ்டாண்டர்டும் சேர்த்துப் போடுங்கள். சிஸ்டம் டேபிள்களிலேயே ஒவ்வொரு நெடுவரிசையும் சுருங்குவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று காட்டும். இரண்டு மூன்று கோடெக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய இதைவிட வசதி வேண்டாம்.

நான் உண்மையில் மனம் நிறைந்து பாராட்டுவது இதன் வேகத்தைவிட, எங்கள் தொழிலுக்கென்றே எழுதியதுபோல உள்ளே இருக்கும் சில வசதிகளை. முதலாவது ஆஸ்ஆஃப் ஜாயின். ஒரு ரிங் பிரேமில் இன்று காலை 40 ஓடும், மதியம் லாட் முடிந்து 60-க்கு மாற்றுவார்கள். மாற்றிய நேரத்தை சூப்பர்வைசர் டேப்லெட்டில் பதிவார், அது ஒரு சின்ன டேபிள். மீட்டர் டேட்டாவின் ஒவ்வொரு வரிசைக்கும் "இந்த நேரத்துக்கு முன்னால் இந்த பிரேமில் கடைசியாக எந்த கவுண்ட் ஏற்றப்பட்டது" என்று தேடிச் சேர்க்க வேண்டும். டேட்டாபேஸ்களிடம் கேள்வி கேட்கும் சாதாரண எஸ்க்யூஎல் மொழியில் இது வளைந்து நெளிந்து பக்கம் பக்கமாகப் போகும். இங்கே பிரேம் எண் சமம், நேரம் அதற்கு முந்தையது என்று இரண்டு நிபந்தனை எழுதினால் தீர்ந்தது. வலப்பக்க டேபிளை மெமரியில் ஏற்றிக்கொண்டு சேர்க்கும் என்பதால் சின்ன டேபிளை வலப்பக்கம் வையுங்கள். மாஸ்டர் கேட்ட அந்தக் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. பிரேம் வாரியாக, ஷிப்ட் வாரியாக.

அடுத்தது டெல்டாசம் என்ற கணக்கு ஃபங்ஷன். எனர்ஜி மீட்டர் ஏறிக்கொண்டே போகும் எண்ணைத்தான் தரும். ஒரு ஷிப்டின் யூனிட் வேண்டுமென்றால் கடைசியிலிருந்து முதலைக் கழிக்க வேண்டும். நடுவில் மீட்டர் ரீசெட் ஆனால் கணக்கு மைனஸில் போய்விடும். டெல்டாசம் அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தைக் கூட்டும், குறைந்தால் அந்த ஒரு படியை விட்டுவிடும். டேட்டா உள்ளே வரும்போதே கணக்குப் போட்டு வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூவுக்குள் இதைப் போடுவதாக இருந்தால் நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் டெல்டாசம்டைம்ஸ்டாம்ப்தான் சரி, ஏனென்றால் டேட்டா எந்த ஒழுங்கில் வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை. பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு அதைவிட அதிக ரீடிங் உள்ள மீட்டரை மாட்டினால் அந்தக் குதிப்பை நுகர்வு என்றே கூட்டிவிடும். மீட்டர் மாற்றினால் புது எண் கொடுப்பது என்று விதி வைத்துவிட்டோம்.

மூன்றாவது டிக்‌ஷனரி. மீட்டர் எங்கே இருக்கிறது, எந்த பிரேம், எந்த ஷெட், எந்தப் பார்ட்டியின் லாட் என்பதெல்லாம் போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு, கிளிக்ஹவுஸை அவ்வப்போது போய்ப் படித்து மெமரியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஷிப்ட் நாள் கணக்குக்குத் தனி வசதி எதுவும் தேவைப்படவில்லை. இரவு 11 முதல் காலை 7 வரையுள்ள ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டும் என்பதால், நேரத்திலிருந்து 7 மணியைக் கழித்துவிட்டு நாளாக மாற்றினால் போதும். நெடுவரிசையை உருவாக்கும்போதே ஏசியா/கொல்கத்தா நேர மண்டலத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

சரி, டேட்டா எப்படி வந்து சேருகிறது? மீட்டர்கள் ஆர்எஸ்-485 கம்பியில் மாட்பஸ் என்ற மெஷின் மொழியில் பேசும். ஷெட்டுக்கு ஒரு சிறிய கேட்வே அவற்றைப் படித்து எம்க்யூடிடி என்ற செய்தி முறை வழியாக மஸ்கிட்டோ என்ற செய்தி மையத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பைத்தானில் எழுதிய ஒரு சிறு சேவை சேர்த்துவைத்து மொத்தமாகக் கிளிக்ஹவுஸில் போடுகிறது. பெரிய அளவில் செய்திகளைக் கடத்தும் காஃப்கா வேண்டாம். இந்த அளவுக்கு அது தேவையே இல்லை, அதைப் பராமரிக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும்.

மொத்தமாகப் போடுவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு இன்சர்ட்டும் (டேட்டாவை உள்ளே போடும் கட்டளை) டிஸ்கில் ஒரு தனிப் பாகமாக உட்காரும், பின்னணியில் கிளிக்ஹவுஸ் அவற்றைச் சேர்த்துப் பெரிய பாகமாக்கிக்கொண்டே இருக்கும். மெர்ஜ்ட்ரீ என்ற பெயர் இதனால்தான். வரிசைக்கு ஒரு இன்சர்ட் என்று அனுப்பினால் சேர்க்கும் வேகத்தைவிடக் குவியும் வேகம் அதிகமாகி, ஒரு கட்டத்தில் பாகங்கள் மிகுந்துவிட்டன என்று இன்சர்ட்டையே மறுத்துவிடும். இப்போதைய பதிப்புகளில் அந்த வரம்பு ஒரு பார்ட்டிஷனுக்கு (டேபிளின் ஒரு பிரிவுக்கு) 3,000. ஒரு இன்சர்ட்டில் குறைந்தது 1,000 வரிசையாவது இருக்கட்டும் என்பது கிளிக்ஹவுஸ் நிறுவனத்தின் ஆலோசனை. சேர்த்துவைக்கும் வேலையைச் சர்வரிடமே விட நினைத்தால் அசிங்க் இன்சர்ட் இருக்கிறது. அதில் எழுதி முடித்த பிறகே பதில் தரும் அமைப்பை அணைக்காதீர்கள்.

இப்போது நம் ஊருக்கு மிக முக்கியமான விஷயம், கரண்ட் கட். கிளிக்ஹவுஸ் இயல்பான அமைப்பில், இன்சர்ட் ஆனவுடன் டேட்டா டிஸ்கில் உறுதியாக எழுதப்பட்டதா என்று காத்திருப்பதில்லை. இயங்குதளத்தின் மெமரியில் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடும். வேகத்துக்காகச் செய்த தேர்வு அது. பல சர்வர்களில் நகல் இருக்கும் இடங்களில் அதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஒரே சர்வர் வைத்திருக்கும் நமக்கு, திடீரென்று கரண்ட் போனால் கடைசியாக வந்த டேட்டா போய்விடலாம். இன்சர்ட் ஆனதும் எஃப்சிங்க் செய்யும், அதாவது டிஸ்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும் அமைப்பு இருக்கிறது, அதை டேபிள் அளவில் போடலாம். எங்கள் அளவுக்கு அதனால் வேகக் குறைவு எதுவும் தெரியவில்லை. அதோடு, கரண்ட் போனாலும் உள்ளே இருப்பதை எழுதி முடிக்கும் கெபாசிட்டர் உள்ள சர்வர் ரக எஸ்எஸ்டி வாங்குங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது. யூபிஎஸ் பேட்டரி இறங்கும்போது சர்வரை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் சிக்னலை இணைத்துவையுங்கள். கேட்வேயிலும் எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸ் கோப்பில் சில நாள் டேட்டாவை வைத்திருக்கிறோம், சர்வர் திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து அனுப்பும்.

திரும்ப அனுப்பும்போது ஒரே அளவு இரண்டு முறை வரும். ரிப்ளேசிங்மெர்ஜ்ட்ரீ என்ற டேபிள் வகை ஒரே சாவியுள்ள வரிசைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும், ஆனால் பாகங்களைச் சேர்க்கும்போதுதான் அது நடக்கும். எப்போது சேர்க்கும் என்பது அதன் விருப்பம். அதுவரை இரட்டை இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, கேள்வியில் ஃபைனல் என்று சேர்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் பழகியவர்களுக்கு கிளிக்ஹவுஸில் உறுத்துவது இந்த இடம்தான். தனித்துவச் சாவியை அது கட்டாயப்படுத்தாது. ஒற்றை வரிசையைத் திருத்துவது, அழிப்பது எல்லாம் இப்போது முன்பைவிட லேசாகியிருக்கிறது, இருந்தாலும் அது அதன் இயல்பான வேலை இல்லை. சம்பளம், ஸ்டாக், இன்வாய்ஸ் போன்றவற்றைத் தயவுசெய்து இதில் வைக்காதீர்கள். எங்கள் மில்லில் திருத்தப்படுவது எல்லாம் போஸ்ட்கிரெஸ், குவிவது எல்லாம் கிளிக்ஹவுஸ்.

இரண்டும் ஒரே சர்வரில்தான் இருக்கின்றன: 16 கோர், 128 ஜிபி இசிசி (பிழை திருத்தும்) ரேம், கண்ணாடிப் பிரதியாக இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி, பழைய டேட்டாவுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். இதைவிடச் சிறியதிலும் ஓடும். ஆனால் 16 ஜிபிக்குக் குறைந்தால் இயல்பான அமைப்புகள் பொருந்தாமல் மெமரிப் பிழைகள் வரும். ஒரே சர்வரில் பலவற்றை வைப்பவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டிய ஒன்று: கிளிக்ஹவுஸ் தன்னிச்சையாக சர்வர் மெமரியில் 90 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். நாங்கள் பாதியாகக் குறைத்துவிட்டோம். ஆறு மாதம் கடந்த டேட்டாவை டிடிஎல் என்ற வயது விதி தானாகவே ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்துகிறது, கேள்வி கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை, கொஞ்சம் மெதுவாக வரும் அவ்வளவுதான். மினியோ என்ற கோப்புச் சேமிப்பு மென்பொருளையும் அதே சர்வரில் வைப்பவர்கள் கவனிக்க: இரண்டுமே 9000 போர்ட்டைக் கேட்கும், ஒன்றை மாற்ற வேண்டும்.

ஷெட் திரைகளுக்கு கிராஃபானா என்ற வரைபட மென்பொருள். அதற்கு வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரைக் கொடுத்து, ஒரு கேள்விக்கு இவ்வளவு மெமரி, இத்தனை நொடி என்று வரம்பும் வைத்தாயிற்று. யாரோ ஒருவர் தவறி மூன்று வருடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற திரைகள் நிற்காது. நிமிடக் கணக்கு, ஷிப்ட் கணக்கெல்லாம் மெட்டீரியலைஸ்டு வியூ. இன்சர்ட் நடக்கும்போதே கணக்குப் போட்டு வேறு டேபிளில் வைத்துவிடும், ஆனால் வியூவை உருவாக்கிய பிறகு வரும் டேட்டாவுக்குத்தான். பழையதை நாமே ஒரு முறை ஊற்ற வேண்டும். வேலைகளை நேரப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோவை நான் போடவில்லை. தினசரி அறிக்கைக்கு, குறித்த இடைவெளியில் தானே புதுப்பித்துக்கொள்ளும் வியூக்களும் லினக்ஸ் டைமரும் போதுமானவை.

பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டாவது நகல் வேண்டுமென்றால் ரெப்ளிகேட்டட் டேபிள்களும், அவற்றை ஒருங்கிணைக்க கிளிக்ஹவுஸ் கீப்பரும் வேண்டும். கீப்பர் ராஃப்ட் முறையில் பெரும்பான்மை பார்த்து முடிவெடுப்பது, அதனால் மூன்று இடத்தில் ஓட வேண்டும். மூன்றாவதற்குச் சின்னக் கம்ப்யூட்டர் போதும் என்றாலும் பராமரிப்பு கூடும். கொஞ்ச நேரம் திரை இருண்டால் உற்பத்தி நிற்காத இடத்தில் இது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சேமிப்பையும் கணக்கீட்டையும் பிரித்து வைக்கும் ஷேர்டுமெர்ஜ்ட்ரீ கிளிக்ஹவுஸ் நிறுவனத்தின் கிளவுட் சேவைக்காக உருவானது. திறந்த மூலப் பதிப்பில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் கிளிக்ஹவுஸ்தானா என்றால், இல்லை. மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் மட்டும் உட்கார்ந்து அலசுகிறார் என்றால் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் டக்டிபி என்ற டேட்டாபேஸ் போதும், சர்வரே வேண்டாம். ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் நன்றாகத் தெரிந்து, மீட்டர் எண்ணிக்கையும் பத்து இருபதுதான் என்றால் அதன் மேலேயே டைம்ஸ்கேல்டிபி என்ற கூடுதல் பகுதியைப் போட்டுக்கொள்ளுங்கள், புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியதில்லை.

போடுவதாக முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஏறக்குறைய மாதம் ஒரு பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றையும் துரத்த வேண்டாம். மார்ச், ஆகஸ்ட் பதிப்புகள் நீண்டகால ஆதரவுடன் வரும், ஒரு வருடத்துக்குத் திருத்தங்கள் கிடைக்கும், அவற்றில் இருங்கள். பேக்கப் கட்டளை உள்ளேயே இருக்கிறது, முந்தைய பேக்கப்பை அடிப்படையாக வைத்து மாறியதை மட்டும் எடுக்கவும் தெரியும். எங்கள் பேக்கப் தினமும் இரவு ஷிப்டில் ஆபீஸ் கட்டடத்தில் உள்ள வேறொரு கம்ப்யூட்டருக்குப் போகிறது. மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கம்ப்யூட்டரிலேயே முழுவதையும் மீட்டெடுத்து, பீக் அவர் யூனிட் கணக்கு கரண்ட் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். அடுத்து, நூலைக் கோன்களில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின்களின் டேட்டாவையும் இதே சர்வருக்குக் கொண்டுவர இருக்கிறேன். அதற்காக டிஸ்க்கோ ரேமோ கூட்டத் தேவையில்லை, ஒரு டேபிளும் ஒரு கேட்வேயும்தான் புதிது.